உதிராத இறகு

இறகு உதிர்க்கும் பருவம் தொடங்கி ஏழு வாரம் ஆகிவிட்டது. தராசுக்காரரின் மாடிக் கூட்டில் இன்னும் ஒரு இறகுகூட விழவில்லை. அன்று காலையும் அவர் குனிந்து மூலைமுடுக்கெல்லாம் துடைப்பத்தை விட்டு இழுத்துப் பார்த்தார். எச்சம் வந்தது, பட்டாணித் தோல் வந்தது, தூசி வந்தது. இறகு மட்டும் வரவில்லை. எதிர் மாடியில் புறா வளர்க்கும் பஸ் டிரைவரின் வீட்டில் இறகு பறந்து, தெருவில் காய்கிற துணியிலெல்லாம் பஞ்சு ஒட்டி, பெண்கள் அவரைக் காது கொடுத்துக் கேட்க முடியாதபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே இருபத்திரண்டு புறாக்களும் ஒரு குறையுமில்லாமல், அன்றுதான் சிறகு முளைத்தவை போல உட்கார்ந்திருந்தன.

பந்தயப் புறா வளர்ப்பவன் கும்பிட்டுக் கேட்கிற வரம் அல்லவா அது என்று நினைக்கலாம். வரம்தான். சிறகில் ஓட்டை விழாத புறா காற்றைக் கிழித்துக்கொண்டு வரும். ஆனால் இந்தப் பருவத்தில் எந்தப் புறாவும் தானாக அப்படி இருக்காது. அதற்கு ஒரு மருந்து வேண்டும். அந்த மருந்தைத் தராசுக்காரர் நிறுத்தி நாற்பது நாள் ஆகிறது.

மிச்சத்தைக் கையோடு சாக்கடையில் கொட்டி, மூன்று வாளித் தண்ணீரும் ஊற்றிவிட்டு வந்தவர் அவர்.

கடைத்தெருவில் தராசு பழுது பார்ப்பது அவர் தொழில். அரை கிராம் தப்பினாலும் விரல் நுனியில் சொல்லிவிடுவார். புறாச் சங்கத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘உருண்டை’. பூண்டு, வறுத்த முட்டை ஓடு, கரித்தூள், செங்கல் பொடி, கல்லுப்பு, ஆளி விதை எல்லாவற்றையும் இடித்து, தேன் விட்டுப் பிசைந்து, பட்டாணி அளவுக்கு உருட்டி, நிழலில் காயவைத்துப் புறாக்களுக்குப் போடுவார். மற்றவர்கள் கடையில் வாங்கி ஊட்ட, இவர் மட்டும் வீட்டிலேயே உரலும் உலக்கையுமாக உட்கார்ந்திருப்பார். எட்டு வருடம் உருட்டியும், நாற்பது நாளுக்கு முன்பு வரை ஒரு முறைகூட முதலில் வந்ததில்லை. ‘உருண்டை சாப்பிட்ட புறா உருண்டுதான் வரும், பறந்தா வரும்?’ என்று சங்கத்தில் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது.

அன்று பருவத்தின் கடைசிப் பந்தயம். அவருடைய சாம்பல் நிறப் பெட்டை, சாம்பலி, முந்தின நாளே கூடையில் போய்விட்டாள். தொலைவில் விடியற்காலையில் திறந்துவிடுவார்கள். உச்சிவெயிலுக்கு வீடு வந்து சேர வேண்டும். களைத்து வருபவளுக்காகத் தராசுக்காரர் காலையிலேயே புது உருண்டை பிடிக்க உட்கார்ந்தார். செங்கல் தீர்ந்திருந்தது. கடைக்குப் போகச் சோம்பல். கூட்டின் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அண்டக் கொடுத்திருந்த பழைய செங்கல் கண்ணில் பட்டது. அதையே சாக்கில் சுற்றி உடைத்து உரலில் போட்டார். கதவுக்கு வேறு எதையாவது வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார், பிறகு மறந்தும் போனார்.

இடிக்க இடிக்க உரலிலிருந்து பூண்டு வாசனை வர வேண்டும். வந்தது தைல வாசனை.

நெஞ்சில் தேய்க்கும் தைலம். இறந்துபோன அண்ணனின் அறைக்குள் நுழைந்தாலே மூக்கில் ஏறிய அதே நெடி. அவர் உலக்கையை நிறுத்திவிட்டுக் கையை முகர்ந்தார். கையில் பூண்டுதான். உரலுக்குள் குனிந்தால் தைலம். வெயில் ஏறிக்கொண்டிருந்த மொட்டை மாடியில் அவருக்கு முதுகு சில்லென்றது. ‘சே, என்ன மனுஷன்டா நீ’ என்று தன்னையே திட்டிக்கொண்டு தேனை ஊற்றிப் பிசைந்து, உருட்டி, ஒரு பிடியைக் கூட்டுக்குள் தட்டில் போட்டார். புறாக்கள் வரவில்லை. உருண்டையைக் கண்டால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுகிற சாதி, இருபத்திரண்டும் தட்டைப் பார்க்கவே இல்லை. எல்லாம் மாடிப்படி இருக்கும் பக்கமாகத் தலையைத் திருப்பி உட்கார்ந்திருந்தன.

அவர் ஓர் உருண்டையை எடுத்து நகத்தால் பிளந்தார். நடுவில் வெள்ளையாக, தட்டையாக, வட்டமாக ஏதோ ஒன்று. குறுக்கே ஒரு மெல்லிய கோடு.

முட்டை ஓடு என்று சொல்லிக்கொண்டார். சரியாக இடிபடாத முட்டை ஓடு. இரண்டாவதைப் பிளக்கவில்லை.

இப்போது அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைக்க முடியும்?

அண்ணனுக்கு நெஞ்சுச் சளி முற்றி மூச்சுக்குழல் சுருங்கிப்போயிருந்தது. மூச்சு விடும்போது ஊதலைத் தூரத்தில் வைத்து ஊதுவது போல ‘ஈ’ என்று ஒரு சத்தம் வரும். தினம் காலையில் ஒரு வெள்ளை மாத்திரை. ஆஸ்பத்திரியில் உதிரியாக எண்ணிப் பாட்டிலில் போட்டுக் கொடுப்பார்கள். ‘என்ன ஆனாலும் இதைத் திடீர்னு நிறுத்திடாதீங்க’ என்று டாக்டர் சொன்னபோது தராசுக்காரரும் பக்கத்தில்தான் நின்றார். தெளிவாகக் காதில் விழுந்தது. பிறகு ஒரு நாள் சங்கத்தில் பஸ் டிரைவர் குரலைத் தாழ்த்தி, இறகு உதிராமல் நிறுத்தி வைக்க ஒரு மாத்திரை இருக்கிறது, கெட்டிக்காரர்கள் தீனியில் கலக்கிறார்கள் என்று பேரைச் சொன்னார். அந்தப் பேர் அண்ணனின் பாட்டிலில் ஒட்டியிருந்தது.

கேட்டிருந்தால் அண்ணனே இரண்டு கொடுத்திருப்பார். அதுதான் இன்னும் கேவலம். கேட்கக் கூச்சப்பட்டு, எடுத்தார். எடுத்தால் குறையுமே? தராசுக்காரருக்குத் தெரியாத வேலையா? புறாவுக்கு மாத்திரை அடிக்க வைத்திருந்த சின்னக் கையழுத்தியில் முட்டை ஓட்டு மாவையும் கஞ்சியையும் வைத்து அழுத்தி, அதே பருமனில், அதே எடையில், குறுக்கே அரத்தால் கோடு இழுத்து, பத்து மாத்திரை செய்தார். அசலையும் போலியையும் தராசின் இரண்டு தட்டில் வைத்தபோது முள் அசையவில்லை. அந்த முள்ளைப் பார்த்து அவர் புன்னகை செய்தார். இன்றைக்கும் சாப்பாட்டில் கை வைக்கும்போது அந்தப் புன்னகை நினைவுக்கு வர, பாதியில் கை கழுவிவிடுகிறார்.

பாட்டிலில் மேலாக இருந்த பத்து அசலை எடுத்துக்கொண்டு போலியைப் போட்டு வைத்தார். பத்து நாள்தானே. பந்தயம் முடிந்ததும் அசலை வைத்துவிடலாம். பத்து நாளில் என்ன ஆகிவிடும்?

பத்தாவது நாள் பந்தயம். அண்ணி கடைக்குப் போகும்போது ‘பத்து நிமிஷம் பார்த்துக்குங்க தம்பி’ என்று சொல்லிவிட்டுப் போனாள். தராசுக்காரர் மாடியில் நின்றார். சாம்பலி வானத்தில் புள்ளியாகத் தெரிந்து, வீட்டுக்கு மேலே வட்டம் போட்டாள். கீழே அண்ணன் ஜன்னல் கம்பியில் டம்ளரால் தட்டினார். டக், டக், டக். ஒரு நிறுத்தம். டக், டக், டக். இவர் நகர்ந்தால் புறா மிரண்டு இறங்காது. இறங்கிக் கூட்டுக்குள் நுழைந்தால்தான் நேரம் கணக்கு. கையில் பட்டாணி போட்ட தகர டப்பா இருந்தது. அதைக் குலுக்கினால் புறா இறங்கும். குலுக்கினார். டம்ளர் சத்தம் வேகமாயிற்று. இவர் இன்னும் பலமாகக் குலுக்கினார். புறாவுக்காக என்று மட்டும் சொல்ல முடியாது. அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்கவும்தான்.

சாம்பலி முதலாவதாக வந்தாள். கீழே போனபோது அண்ணன் கட்டிலிலிருந்து பாதி சரிந்து, மாடிப்படியைப் பார்த்தபடி கிடந்தார். டம்ளர் விரலில் மாட்டியிருந்தது.

உச்சிவெயில் போயிற்று. மூன்று மணி, நான்கு மணி. வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஐந்து மணிக்கு அண்ணி டீ கொண்டுவந்தாள். படியேறி வந்ததில் மூச்சு வாங்க, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள்.

“இன்னும் வரலியா தம்பி உங்க சாம்பலி?”

“வந்துடும் அண்ணி.”

“இன்னைக்கு டாக்டரைப் பார்த்தேன், சர்டிபிகேட் விஷயமா. ஒண்ணு கேட்டாரு. ‘மாத்திரைய நடுவுல நிறுத்திட்டீங்களாம்மா’ன்னாரு. நிறுத்தினாத்தான் இப்படிப் பொசுக்குன்னு போகுமாம்.”

அவர் டீயைச் சுவரின் மேல் வைத்தார். “நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல? என் கையாலதான தினம் குடுத்தேன். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். மாத்திரை குடுத்ததும் ஒரு கோடு போடுவேன்ல? ஒரு நாள் கட்டத்துல கோடு இல்ல தம்பி.” அவள் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். “மறந்துட்டேன். நான்தான் மறந்து தொலைச்சுட்டேன். கட்டின புருஷன என் கையாலயே...”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவர் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கூசியது. உடம்பு முழுவதும் தோலுக்கு உள்பக்கமாகக் கூசியது. சொல்லிவிடு. நான்தான் அண்ணி. மூன்று வார்த்தைகூட இல்லை. வாயைத் திறந்தார். கூட்டுக்குள் இருபத்திரண்டு புறாக்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின.

“ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது அண்ணி,” என்றார்.

“ஆயிருக்கே.” அவள் எழுந்தாள். “நீங்க நல்ல மனசு, அதான் அப்படிச் சொல்றீங்க. கடைசிப் பத்து நாளும் அவரு பக்கத்துலயே உட்கார்ந்து மூஞ்சியப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களே. கூடப் பொறந்தவங்க யாரு இப்படி இருப்பாங்க?”

போலி மாத்திரை ஏதாவது காட்டிக்கொடுக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? அண்ணி இறங்கிப் போனாள். அண்ணனின் அறையில் மின்விசிறி சுழலும் சத்தம் கேட்டது. அவள் இப்போது அங்கேதான் இருக்கிறாள், அந்தக் கட்டிலில்தான் படுக்கிறாள்.

செல்போன் அடித்தது. சங்கச் செயலாளர்.

“என்ன உருண்ட, கடைய மூடலாமா? எல்லார் புறாவும் வந்தாச்சு. உங்களது மட்டுந்தான் பாக்கி. வழியில எங்கயாவது உருண்டை சாப்பிட உட்கார்ந்துடுச்சா?”

“வந்துடும்.”

“வெளிச்சம் போயிடுச்சேய்யா. இருட்டுனா எந்தப் புறா பறக்கும்?”

அது உண்மைதான். தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. தராசுக்காரர் டப்பாவை எடுத்து ஒரு தடவை, ஒப்புக்கு, குலுக்கினார். கலகலவென்று பட்டாணி உருண்டது. அந்தச் சத்தம் அடங்கி, எங்கோ ஒரு வண்டியின் சத்தமும் அடங்கி, காற்றும் நின்றபோது, கூட்டுக்குள்ளிருந்து வேறொரு சத்தம் வருவது அவருக்குக் கேட்டது. மெல்லிய, நீளமான, கடைசியில் இழுபட்டு அறுகிற சத்தம். ஈ. நின்றது. மறுபடி. ஈ. புறாவுக்குச் சளி பிடித்தால் அப்படி ஒரு சத்தம் வரும், மருந்து இருக்கிறது, இஞ்சிச் சாறு விட்டால் சரியாகிவிடும் என்று அவர் மனசு கடகடவென்று சொல்லிக்கொண்டே போனது. ஆனால் அது ஒரு புறாவின் சத்தம் இல்லை. இருபத்திரண்டும் சேர்ந்து ஒரே மூச்சாக இழுத்து, ஒரே மூச்சாக விட்டுக்கொண்டிருந்தன.

டக்.

கூட்டின் மறு பக்கத்தில், புறா வந்து நுழையும் சதுர ஓட்டையில் பன்னிரண்டு மெல்லிய கம்பிகள் திரை போலத் தொங்கும். வெளியிலிருந்து தலையால் முட்டினால் உள்ளே ஆடி வழி விடும். உள்ளேயிருந்து தள்ளினால் மரச்சட்டத்தில் முட்டி நிற்கும். வரலாம், திரும்பிப் போக முடியாது. கம்பி மரத்தில் பட்டால் வருகிற சத்தம் அது.

டக், டக்.

சாம்பலி! தராசுக்காரருக்கு உயிர் வந்தது. அந்த நேரத்திலும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், முதலில் தோன்றியது கடைசி இடமாவது கிடைக்கும் என்பதுதான். டப்பாவைச் சுவரின் மேல் வைத்துவிட்டுக் கூட்டின் கதவைத் திறந்து உள்ளே போனார். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளிக்கொக்கி விழுந்தது.

செங்கல். காலையில் இடித்த செங்கல்.

கதவைத் தள்ளினார். அசையவில்லை. ‘சரி, அண்ணியைக் கூப்பிட்டால் ஆயிற்று’ என்று நினைத்துக்கொண்டு திரும்பிக் கம்பித் திரையைப் பார்த்தார். ஒரு புறா நுழைந்தால் இரண்டு கம்பி தூக்கும், மிஞ்சினால் மூன்று. பன்னிரண்டு கம்பிகளும் மேலே தூக்கியபடி நின்றன. இருட்டான ஓட்டையில் எதுவும் தெரியவில்லை. மெதுவாக, ஒன்றன் பின் ஒன்றாக, கம்பிகள் கீழே இறங்கின. டக். டக். டக். ஒரு நிறுத்தம்.

தைல வாசனை.

புறாக்கள் உட்காரும் மரத் தட்டுகளில் நகர்ந்து நெருங்கி, நடுவில் இடம் விட்டன. ஓர் ஆள் உட்காருகிற இடம். யாரும் உட்காரவில்லை. தராசுக்காரருக்குக் கண் இருட்டுக்குப் பழகியது. மேல் தட்டில் சாம்பலி இருந்தாள். எப்போது வந்தாள்? அவளுடைய காலில் வளையம் இருந்தது. அலகு திறந்திருந்தது. அவரையே பார்த்தாள்.

அவளிடமிருந்து ஓர் இறகு கழன்று, ஆடி ஆடி, அவர் காலடியில் விழுந்தது.

முதல் இறகு. பிறகு பக்கத்துப் புறாவிடமிருந்து ஒன்று. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. நாற்பது நாள் விழாத இறகெல்லாம், சிறகும் வாலும் அடிப்பஞ்சும், சத்தமே இல்லாமல் கொட்டின. கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. தட்டுகளில் சிவந்த, சுருங்கிய, வெறும் தோல் உடம்புகள் இருபத்து மூன்றும் மார்பு உள்வாங்கி மூச்சு இழுத்தன. ஈ.

“அண்ணி!”

கத்தினார். வந்தது ‘ஈ’ மட்டும். பஞ்சு நாக்கில் ஒட்டியது. துப்பினார். மறுபடி ஒட்டியது. நெஞ்சு இறுகியது. காற்று உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. இப்படித்தான் இருந்திருக்குமா? பத்து நாளும் இப்படித்தானா?

நான்தான் அண்ணி. இப்போது சொல்கிறேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஈ.

மண்டியிட்டார். இறகு இடுப்புக்கு வந்தது. கையை விட்டுத் துழாவித் தீனி அள்ளும் தகரக் கரண்டியைப் பிடித்தார். கீழே அண்ணனின் அறை. நேர் கீழே கட்டில். தளத்தில் ஓங்கித் தட்டினார். டக், டக், டக். நிறுத்தினார். டக், டக், டக்.

கீழே மின்விசிறி நின்றது. அண்ணி எழுந்துவிட்டாள். கேட்டுவிட்டாள். அவர் கண்ணில் நீர் வந்தது. மறுபடி தட்டக் கையை ஓங்கினார்.

வெளியே டப்பா குலுங்கியது.

கலகல. கலகல.

கம்பி வலை வழியாகப் பார்த்தார். தெரு விளக்கின் வெளிச்சத்தில், மொட்டை மாடியின் நடுவில், ஓர் ஆள் நின்றார். பழுப்பேறிய பனியன். கூன் விழுந்த முதுகு. ஒரு கையில் டப்பா. இன்னொரு கையின் விரலில் டம்ளர் மாட்டியிருந்தது. முகம் தெரியவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தராசுக்காரர் தட்டினார். அந்த ஆள் குலுக்கினார். அவர் வேகமாகத் தட்டினார். அந்த ஆள் இன்னும் பலமாகக் குலுக்கினார்.

“தம்பி!” கீழே ஜன்னலிலிருந்து அண்ணியின் குரல். நாற்பது நாளில் முதல் தடவையாக அதில் ஒரு சந்தோஷம். “டப்பா சத்தம் கேக்குதே, வந்துடுச்சா உங்க சாம்பலி?”

இறகு கழுத்துக்கு வந்தது. கரண்டி எங்கோ விழுந்தது. விரல் மூட்டால் தட்டினார். பஞ்சில் பட்டுச் சத்தம் வரவில்லை.

“நல்லதாப் போச்சு. மெதுவா வாங்க, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்.”

மின்விசிறி மறுபடி சுற்ற ஆரம்பித்தது. மாடியில் அந்த ஆள் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே நின்றார், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல்.